அதே இடம்தான், வேறு வெளிச்சம்

இடது பக்கம் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த படம், வலது பக்கம் அதற்குப் பின் வந்த ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த படம், மேலே 'பழைய போன் கேமரா, புது போன் கேமரா' என்று ஒரு வரி. 2022 அக்டோபரிலிருந்து இந்த ஃபார்வர்டு எனக்கு எத்தனை முறை வந்திருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. இரண்டிலும் இருப்பது கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு, தூசு மேகத்தின் நடுவே நிற்கும் 'படைப்பின் தூண்கள்'. இடது படத்தில் தூண்கள் கல்லில் செதுக்கியதுபோல் கெட்டியாக, பழுப்பாக, பின்னால் நீலமும் பச்சையும் கலந்த மூட்டத்தோடு நிற்கின்றன. வலது படத்தில் அதே தூண்கள் ஓரமெல்லாம் கரைந்து செம்பழுப்புப் புகை மாதிரி ஆகிவிட்டன, சுற்றிலும் பொரியை அள்ளி இறைத்தாற்போல் நட்சத்திரங்கள். பார்த்த மாத்திரத்தில் புதுசு ஜெயித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதில் கேமரா பழசா புதுசா என்பது பெரிய விஷயமே இல்லை. அதைக் காட்ட வெப் வரைக்கும் போகவும் வேண்டாம், ஹபிளே போதும். 2014-ல் ஹபிளின் வைட் ஃபீல்ட் கேமரா 3 என்ற கருவியால் இதே தூண்களை இரண்டு விதமாக எடுத்தார்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்று, சிவப்பைத் தாண்டி அடுத்து வரும் அகச்சிவப்பில் ஒன்று. 2015 ஜனவரியில் இரண்டும் வெளியாயின. அதே தொலைநோக்கி, அதே 2.4 மீட்டர் கண்ணாடி, அதே கருவிப் பெட்டி. அந்த அகச்சிவப்புப் படத்திலும் தூண்கள் ஆவிபோல மெலிந்து, உச்சியும் சில முடிச்சுகளும் மட்டும் கறுப்பாக மிஞ்சி, பின்னால் நட்சத்திரக் கூட்டம் தெரிந்தது. மாறியது ஒளி மட்டும்தான். இந்த ஜோடியைத்தான் எல்லோரும் ஃபார்வர்டு செய்திருக்க வேண்டும், ஆனால் வெப் படத்தின் பளபளப்பு அதில் இல்லை, அதனால் யாரும் சீண்டவில்லை.

சரி, முதல் படத்திலிருந்து வருவோம். 1995 ஏப்ரல் 1 அன்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹபிளைக் கொண்டு எடுத்தது அது. அந்தப் படத்தின் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். யாரும் கத்தரித்ததல்ல, அப்போது இருந்த கேமராவில் நாலு சில்லுகள், அதில் ஒன்று மட்டும் பெரிதாக்கிக் காட்டும் வகை, அதை மற்ற மூன்றின் அளவுக்குச் சுருக்கியதும் மூலையில் வெற்றிடம் விழுந்துவிட்டது. சுவரொட்டியிலும் டீ சட்டையிலும் அந்த வெட்டோடுதான் அது உலகம் சுற்றியது.

நிறங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 'வெப் படத்தின் கலர் எல்லாம் போலி, ஹபிள்தான் உண்மை' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். ஹபிள் படம் மூன்று குறுகிய ஃபில்டர்கள் வழியாக எடுத்தது. ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளி ஒன்று, கந்தகம் உமிழும் இன்னும் சற்று ஆழமான சிவப்பு ஒன்று, ஆக்சிஜன் உமிழும் நீலப்பச்சை ஒன்று. ஹைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் உண்மையில் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அப்படியே போட்டால் படம் முழுக்கச் சிவப்பு அப்பியிருக்கும், எது எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படமும் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

அந்தப் படத்தில் ஒளிர்வது எது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். தூணின் உடம்பு ஒளிர்வதில்லை, அது இருட்டு. ஒளிர்வது தூணின் தோலும் அதற்குப் பின்னால் இருக்கும் வாயுவும். படத்துக்கு மேலே, சட்டத்துக்கு வெளியே, என்ஜிசி 6611 என்ற இளம் நட்சத்திரக் கொத்து இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கொத்தைக் கண்டு குறித்துவிட்டார்கள், 1764-ல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் தன் பட்டியலில் 16-ஆவது எண்ணாகச் சேர்த்தார், அதனால்தான் எம்16 என்ற பெயர். அங்கே இருக்கும் பெரிய, கொதிக்கும் நட்சத்திரங்கள் புற ஊதாக் கதிரைப் பொழிகின்றன. அது பட்ட இடத்தில் வாயு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து, மறுபடி பிடித்து, அந்தப் பரிமாற்றத்தில் ஒளிர்கின்றன, கூடவே மேற்பரப்பு ஆவியாகிப் பறக்கிறது. எங்கே தூசும் வாயுவும் கெட்டியாக இருக்கிறதோ அந்த முடிச்சு தன் பின்னால் இருப்பதற்கு நிழல் கொடுத்துக் காப்பாற்றுகிறது, மற்றதெல்லாம் அரிபட்டுப் போகிறது.

இதை நம் ஊரிலேயே தரையில் பார்க்கலாம். பெருமழை அடித்து ஓய்ந்த பிறகு செம்மண் மேட்டின் சரிவில் குனிந்து பாருங்கள், ஒவ்வொரு சின்னக் கல்லும் தன் அடியில் இருக்கும் மண்ணை மட்டும் நனையாமல் காத்து, விரல் உயரத்துக்கு ஒரு மண்தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும். சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து ஓடியிருக்கும். நெபுலாவில் மழைக்குப் பதில் புற ஊதா, கல்லுக்குப் பதில் அடர்ந்த முடிச்சு, விரல் உயரத்துக்குப் பதில் சுமார் 4 ஒளியாண்டு. சூரியனிலிருந்து அடுத்த நட்சத்திரம் வரைக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான், அந்த நீளத்துக்கு ஒற்றைத் தூண்.

கல் மாதிரி தெரியும் இந்தத் தூண் கல்லும் இல்லை, அடர்ந்த புகைகூட இல்லை. ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தை எடுத்துக்கொண்டால் அதில் சில ஆயிரம் துகள்கள், கூடினால் சில லட்சம். நாம் மூச்சு விடும் காற்றில் அதே இடத்தில் இருப்பவை சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி. காற்றோடு ஒப்பிட்டால் தூண் வெறும் வெற்றிடம். அப்படியிருந்தும் அது ஒளியை மறிக்கிறதே என்றால், அதன் தடிமன் அப்படி. ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.5 லட்சம் கோடி கி.மீ., அந்த அளவில் ஒளி பயணம் போகும்போது எவ்வளவு அரிதாகத் தூசு இருந்தாலும் எங்காவது ஒன்றில் முட்டித்தான் தீரும். மறிப்பதும் பெரும்பாலும் தூசுதான், வாயு இல்லை. இத்தனைக்கும் தூசு மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குதான்.

எது ஊடுருவும், எது மறிக்கும் என்பது பொருளை மட்டும் பொறுத்ததல்ல, எந்த ஒளி என்பதையும் பொறுத்தது. ஓர் அறிவியல் கண்காட்சியில் வெப்பக் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாணவி காட்டிய வித்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. குப்பை போடும் கறுப்பு பாலித்தீன் பைக்குள் கையை விட்டாள். நேரே பார்த்தால் கறுப்புப் பை, கேமராத் திரையில் பார்த்தால் பையே இல்லை, ஐந்து விரலும் பளிச்சென்று தெரிகிறது. அடுத்து தன் மூக்குக்கண்ணாடியைக் கேமரா பக்கம் திருப்பினாள், திரையில் அவள் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு வட்டம். நாம் ஒளி புகும் என்று நம்பும் கண்ணாடி சுவராகிவிட்டது, புகாது என்று நினைத்த பை காணாமல் போய்விட்டது. அந்தக் கேமரா பார்ப்பது ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளத்தில். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் பார்ப்பது 0.4-இலிருந்து 0.7 மைக்ரான் வரைக்கும்தான். இந்த மூக்குக்கண்ணாடி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நெபுலாவின் தூசு என்பது வீட்டுத் தூசு மாதிரி பெரிசு இல்லை. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதையும்விடச் சின்னது. கண்ணுறு ஒளியின் அலைநீளம் இந்தத் துகளின் அளவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நன்றாகச் சிதறுகிறது, விழுங்கவும்படுகிறது. அலை நீளமாக ஆக, அதற்கு இந்தத் துகள் ஒரு பொருட்டே இல்லாமல் போகிறது, குளத்தில் நட்ட மெல்லிய குச்சியைப் பெரிய அலை கண்டுகொள்ளாமல் கடந்து போவதைப் போல. தூசு வழியாக வரும் நட்சத்திரம் இயல்பைவிடச் சிவந்து தெரிவதும் இதனால்தான், நீலம் அதிகம் தொலைந்துவிடுகிறது, சிவப்பு ஓரளவு தப்பிக்கிறது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. கண்ணுறு ஒளியில் 10,000 ஒளித்துகள்களில் 1 மட்டும் தப்பி வருகிற அளவுக்குத் தூசு குவிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதே தூசு வழியாக 2.2 மைக்ரான் அகச்சிவப்பை அனுப்பினால் 10,000-ல் சுமார் 3,600 இந்தப் பக்கம் வந்துவிடும். ஒன்று எங்கே, மூவாயிரத்து அறுநூறு எங்கே! வெப் படத்தில் நட்சத்திரங்கள் திடீரென்று முளைத்ததன் ரகசியம் முழுக்க இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. அவை எப்போதும் அங்கேதான் இருந்தன.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலின் கதையை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. விருச்சிகத்தின் பக்கம் நட்சத்திரமே இல்லாத ஒரு கறுப்பு இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, 'வானத்தில் இங்கே ஓட்டை இருக்கிறது' என்று அவர் சொன்னதாக அவருடைய தங்கை கரோலின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அது ஓட்டை இல்லை, தூசு மேகம். அந்தக் காலத்தில் அவருக்கு அது தெரிய வழியில்லை. அதே ஹெர்ஷல்தான் 1800-ல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, சிவப்பையும் தாண்டி, வெளிச்சமே விழாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் எல்லாவற்றையும்விட அதிகம் ஏறுவதைக் கண்டார். அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். அந்த 'ஓட்டை'க்குள் எட்டிப் பார்க்கும் சாவி தன் கையில்தான் இருக்கிறது என்று அவர் அறியாமலே இறந்துபோனார்.

அதன்பின் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர் நட்சத்திரக் கொத்துகளின் தூரத்தையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளியை விழுங்கும் தூசு பரவியிருப்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டினார். 1967-ல் எரிக் பெக்லினும் ஜெரி நியூகெபாவரும் ஓரியன் நெபுலாவை அகச்சிவப்பில் அளந்துகொண்டே போனபோது, கண்ணுறு ஒளிப் படங்களில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி அகப்பட்டது. ஓரியனின் அந்த நெபுலா மார்கழி இரவில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிவது, எத்தனையோ தலைமுறை பார்த்துச் சலித்த இடம், அதற்குள் ஒரு பெரிய நட்சத்திரம் தூசுப் போர்வைக்குள் ஒளிந்திருந்தது. அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்தே இன்றைக்கும் அந்தப் பொருளை அழைக்கிறார்கள்.

கழுகு நெபுலாவுக்கும் அகச்சிவப்பு வெப்போடு வந்ததல்ல. ஹபிள் படத்தில் தூண்களின் ஓரத்தில் முட்டை முட்டையாக நிறைய முடிச்சுகள் துருத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது, 'படைப்பு' என்று பெயர் வைத்தாயிற்றே. சில ஆண்டுகளில் சிலியின் பாரனால் மலையில் இருக்கும் 8.2 மீட்டர் தொலைநோக்கியால் அகச்சிவப்பில் எட்டிப் பார்த்தார்கள். மார்க் மெக்காக்ரியனும் மார்ட்டன் ஆண்டர்சனும் 2002-ல் எழுதிய கட்டுரைப்படி, 73 முட்டைகளில் 11-ல்தான் ஏதோ இருப்பதற்கான அடையாளம். மீதி கூமுட்டை. கண்ணுறு ஒளிப் படத்தை வைத்து மட்டும் கதை சொல்வதில் இருக்கும் ஆபத்து இதுதான், தோலைப் பார்த்துப் பழம் சொல்வது.

இப்போது வெப். அதன் அண்மை அகச்சிவப்புக் கேமரா எடுத்த தூண்கள் படம் 2022 அக்டோபர் 19 அன்று வெளிவந்தது. அந்தக் கேமராவின் வீச்சு 0.6-இலிருந்து 5 மைக்ரான் வரைக்கும். தூண் ஓரங்களில் எரிமலைக் குழம்பு மாதிரி சிவந்து நெளியும் கோடுகள் தெரியும், குறிப்பாக மேலிருந்து இரண்டாவது, மூன்றாவது தூண்களின் நுனியில். உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் அவ்வப்போது பீய்ச்சி அடிக்கும் வாயு சுற்றியுள்ள மேகத்தில் மோதி, அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சூடாகி ஒளிர்வதுதான் அந்தச் சிவப்பு. அந்த நட்சத்திரங்களின் வயது சில லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள், நட்சத்திரக் கணக்கில் தொட்டில் குழந்தை. தூண்களுக்குச் சற்று வெளியே, ஆறு முனைக் கீற்றுகளோடு சிவந்த உருண்டைகளாகத் தெரிபவையும் புதுசாகப் பிறந்தவையே.

கிடைத்ததைப் பேசினோம், போனதையும் பேச வேண்டும். ஹபிள் படத்தில் தூணின் தோலிலிருந்து நூல் நூலாக ஆவி பறப்பது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! ஆக்சிஜன் எங்கே, கந்தகம் எங்கே என்று அடுக்கடுக்காகப் பிரிகிறதே, அந்த வித்தியாசம் வெப் படத்தில் இல்லை. அந்த அலைநீளங்களில் இந்தப் படத்தை எடுக்கவில்லை, அதிலும் வெப் கேமராவின் கண் திறப்பதே 0.6 மைக்ரானில்தான், ஆக்சிஜனின் அந்த நீலப்பச்சை இருப்பது 0.5-ல். தூண் எப்படி அழிகிறது என்று கேட்பவருக்கு ஹபிள் படம்தான் படம்.

இதோடு நின்றிருந்தால் 'அகச்சிவப்பு தூசைத் துளைக்கும்' என்ற ஒற்றை வரியோடு போயிருக்கலாம். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 28-ல், வெப்பின் இன்னொரு கருவி எடுத்த படம் வந்தது. இது நடு அகச்சிவப்பு, 5-இலிருந்து 28 மைக்ரான் வரை பார்ப்பது. இதைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம்: நட்சத்திரங்கள் எங்கே? ஆயிரக்கணக்கில் இருந்தவை போய் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம். தூண்களோ மறுபடி கெட்டியாகி, சாம்பலும் கறுப்பும் கலந்து, சுடுகாட்டுப் புகை மாதிரி, பார்க்கவே கொஞ்சம் அமானுஷ்யமாக நிற்கின்றன. வாட்ஸ்அப்பில் இந்தப் படம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை.

நட்சத்திரங்கள் காணாமல் போனதற்குக் காரணம் எளிது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அலைநீளத்தில்தான் அதிகம் ஒளிரும். சூரியன் சுமார் 5,800 கெல்வின், உச்ச ஒளிர்வு 0.5 மைக்ரானில். நம் உடம்பு 310 கெல்வின், அதாவது 37 டிகிரி செல்சியஸ், உச்சம் 9 மைக்ரானுக்குச் சற்று மேல், அதனால்தான் வெப்பக் கேமராவில் இருட்டிலும் மின்னுகிறோம். 10, 15 மைக்ரானில் பார்க்கும்போது சாதாரண நட்சத்திரம் கொடுக்கும் ஒளி ரொம்பக் கம்மி, கதகதப்பான தூசு கொடுப்பதோ அதிகம். ஆக இங்கே தூசு திரை இல்லை, தூசுதான் விளக்கு. வண்டிப் புகையிலும் கரியடுப்பிலும் வரும் அதே வகை ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளும் இந்த அலைநீளங்களில் பிரகாசமாக ஒளிர்கின்றன. மிச்சமிருக்கும் நட்சத்திரங்களில் கருஞ்சிவப்பாக இருப்பவை இன்னும் தூசுப் போர்வையைக் கழற்றாத குழந்தைகள், நீலமாக இருப்பவை போர்வையைக் களைந்துவிட்ட வயதானவை. போர்வை இல்லாமலும் அவ்வளவு பிரகாசமாக இல்லாமலும் இருக்கும் நடுத்தரக் குடும்பம் மொத்தமும் படத்திலிருந்து மறைந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடி இங்கேதான் வருகிறது. விண்வெளித் தூசில் பெரும் பங்கு சிலிகேட், அதாவது மணல் ஜாதி. கண்ணாடியும் மணலிலிருந்து வந்ததுதான். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு 10 மைக்ரான் பக்கத்தில் ஒளியை ஆவலோடு விழுங்கும். அதனால் 2 மைக்ரானிலிருந்து மேலே போகப் போகத் தூசு மேலும் மேலும் தெளிந்துகொண்டே போகும் என்று நினைத்தால், 10 மைக்ரான் அருகில் அது மறுபடி மூடிக்கொள்கிறது. கண்காட்சியில் அந்தப் பெண்ணின் கண்ணை மறைத்த அதே பிணைப்புதான் 6,500 ஒளியாண்டுக்கு அப்பாலும் வேலை செய்கிறது. அகச்சிவப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் எத்தனையோ வேறு வேறு கண்கள்.

இன்னும் தள்ளிப் போனால் தொலை அகச்சிவப்பு. 2009-ல் ஏவிய, ஹெர்ஷலின் பெயரையே கொண்ட ஐரோப்பிய விண்தொலைநோக்கி இதே நெபுலாவை அங்கே பார்த்தது. இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற முழுமுதல் பூஜ்யத்திலிருந்து சில பத்து டிகிரி மட்டுமே மேலே இருக்கும் குளிர்ந்த தூசு அந்த அலைநீளங்களில் தானாகவே ஒளிர்கிறது. ஹபிளில் இருட்டாக இருந்த தூணின் உடம்பு அங்கே பிரகாசம், நிழலும் வெளிச்சமும் இடம் மாறிவிட்ட நெகட்டிவ் மாதிரி.

இப்படிப் பார்ப்பதற்குத் தொலைநோக்கி கொடுக்க வேண்டிய விலை சாதாரணம் இல்லை. அறை வெப்பத்தில் இருக்கும் தொலைநோக்கியின் கண்ணாடியே 10 மைக்ரானில் ஒளிரும், பட்டப்பகலில் டார்ச் அடித்துத் தேடுவதுபோல் ஆகிவிடும். நம் காற்றில் இருக்கும் நீராவி வேறு அகச்சிவப்பில் பெரும் பகுதியை மறிக்கும். அதனால்தான் வெப்பைப் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, டென்னிஸ் மைதான அளவுக்கு ஐந்தடுக்குக் குடையின் நிழலில் நிறுத்தியிருக்கிறார்கள். நடு அகச்சிவப்புக் கருவிக்கு அந்த நிழலும் போதாது, தனியாக ஒரு குளிர்பதனப் பெட்டி வைத்து 7 கெல்வினுக்குக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 266 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள்.

கண்ணாடி அளவும் அதே கதைதான். அலை நீளமானால் படம் மங்கும், அதை ஈடுகட்டக் கண்ணாடி பெரிதாக வேண்டும். வெப்பின் 6.5 மீட்டர் கண்ணாடி 2 மைக்ரானில் தரும் கூர்மை, ஹபிளின் 2.4 மீட்டர் கண்ணாடி கண்ணுறு ஒளியில் தரும் கூர்மைக்கு ஏறக்குறைய சமம், அவ்வளவுதான். 15 மைக்ரானில் வெப் ஹபிளைவிடப் பத்து மடங்கு மங்கல். 'புது போன் கேமரா' ஆட்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள். 0.85 மீட்டர் கண்ணாடியோடு 2003-இலிருந்து 2020 வரை ஓடிய ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியோடு வெப்பை ஒப்பிட்டிருந்தால் அந்த கேலிப்படம் சரியாக இருந்திருக்கும், ஏனென்றால் இரண்டும் பார்ப்பது ஒரே ஜாதி ஒளியை.

ஸ்பிட்சர் என்றதும் ஒரு பரபரப்பு ஞாபகம் வருகிறது. 2007-ல் அதன் படத்தில் தூண்களுக்குப் பக்கத்தில் சூடான தூசு மேகம் ஒன்று தென்பட, அது ஒரு சூப்பர்நோவாவின், அதாவது பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்ததன், வேலையாக இருக்கலாம், அந்த அதிர்வலை தூண்களை ஏற்கெனவே சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் தகர்த்திருக்கும், அந்தக் காட்சி மட்டும் நமக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று நிக்கோலா ஃபிளாஜேயின் குழு சொன்னது. செய்தித்தாள்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! அப்படி ஒரு வெடிப்பு நடந்திருந்தால் ரேடியோவிலும் எக்ஸ் கதிரிலும் இதைவிடப் பலமான தடயம் இருக்க வேண்டுமே என்று மற்றவர்கள் கேட்டார்கள், பெரிய நட்சத்திரங்களின் காற்றே அந்தத் தூசைச் சூடாக்கியிருக்கலாம் என்றார்கள். கதை அடங்கிப்போனது, ஆனாலும் 'படைப்பின் தூண்கள் இப்போது இல்லவே இல்லை' என்ற வரி மட்டும் இணையத்தில் சாகாமல் இருக்கிறது.

தூண்களின் ஆயுளைப் பற்றி உருப்படியான கணக்கு வந்தது எதிலிருந்து தெரியுமா? கண்ணுறு ஒளியிலிருந்துதான். 2015-ல் அன்னா மெக்லியோட் குழுவினர் சிலியில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் மியூஸ் என்ற நிறமாலைக் கருவியால் ஒளிரும் வாயுவின் வேகத்தைப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். தூண்களின் மொத்த எடை சூரியனைப் போல் சுமார் 200 மடங்கு, பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 70 சூரிய எடை ஆவியாகிப் போகிறது, ஆக இன்னும் சுமார் 30 லட்சம் ஆண்டுகள் தாங்கும். தூண்கள் ஒரே வரிசையில் நிற்கவில்லை, இடது தூணின் மேல்பகுதி நட்சத்திரக் கொத்துக்குப் பின்னால் நின்று நுனியை நம்மை நோக்கி நீட்டுகிறது, அதன் அடிப்பாகமும் மற்ற தூண்களுமோ கொத்துக்கு முன்னால் இருக்கின்றன என்பதும் அதில்தான் தெரிந்தது. தட்டையான படத்தைப் பார்த்து 'மூன்று விரல்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெப் படத்தைப் பற்றி இன்னொரு தவறான பேச்சும் உண்டு: தூசை ஊடுருவி அண்டத்தின் அடி ஆழம் வரை தெரிகிறதாம். அந்தப் படத்தை முழு அளவில் இறக்கிப் பெரிதாக்கித் தேடிப் பாருங்கள், தூரத்து கேலக்ஸிகள் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. வெப்பின் மற்ற படங்களில் மூலைக்கு மூலை கேலக்ஸி கிடக்கும்போது இதில் மட்டும் ஏன் இல்லை என்றால், நாம் பார்ப்பது நம் பால்வீதியின் தட்டு வழியாக, அதன் அடர்ந்த பகுதி வழியாக. தூண்களின் தூசை வென்றாலும் பின்னால் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்குப் பரவியிருக்கும் தூசும் வாயுவும் திரை போட்டுவிடுகின்றன. அகச்சிவப்புக்கும் ஒரு சுவர் உண்டு.

குதிரைத் தலை நெபுலாவிலும் இதே ஆட்டம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1888-ல் ஹார்வர்டில் வில்லியமினா ஃபிளெமிங் ஒளிப்படத் தட்டில் கண்டுபிடித்தது, கண்ணுறு ஒளியில் சிவந்த பின்னணியில் கறுப்புக் குதிரை. 2013-ல் ஹபிளே அதை அகச்சிவப்பில் எடுத்தபோது குதிரை கண்ணாடிப் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. பின்னணியின் சிவப்பு போனதும் நிழலுக்கு வேலை இல்லை.

இவ்வளவு பேசிவிட்டு, கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. எம்16 தமிழ்நாட்டு வானத்தில் நன்றாகவே மேலே ஏறி வரும், ஆடி மாதம் இரவு பத்து மணிக்குத் தெற்கே, தனுசுக்கு மேலே. போன வருஷம் மேகம் விலகிய ஓர் இரவில் மொட்டை மாடியில் 6 அங்குலத் தொலைநோக்கியை வைத்து அரை மணி நேரம் தேடிப் பிடித்தேன். சில நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றி மூச்சு விட்டுத் துடைத்த கண்ணாடி மாதிரி ஒரு சாம்பல் மங்கல். நிறம் கிடையாது, மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் நிறம் அறியும் செல்கள் வேலை செய்யாது. தூண்கள் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவ்ளோதானாண்ணே?"

போனை எடுத்து வெப் படத்தைக் காட்டினேன். அதைப் பார்த்தான், மறுபடி குனிந்து தொலைநோக்கிக்குள் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"அண்ணே, இது வேற எடம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான்.